இல்லாத தண்ணீருக்கு ஒரு கால்வாய்

என் மனையில் தண்ணீர் இல்லை என்று எழுதிக் கொடுத்தவன் நான்தான். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. என் பேனா, என் கை, என் கையெழுத்து. மனையைப் பார்த்துவிட்டு நேராக அலுவலகம் போயிருந்ததால், கையெழுத்துப் போடும்போது என் செருப்பு சொதசொதவென்று இருந்தது, கால்சட்டை முழங்கால் வரை மடித்துவிடப்பட்டிருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த அலுவலகத்தைப் பற்றி இனி நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, ஐயோ பாவம் இவன் என்று யாரும் என்மேல் இரக்கப்பட்டுவிடக் கூடாது.

மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பது என் தொழில். இது தெளிவாகத் தெரிகிறதா, அது தெளிவாகத் தெரிகிறதா என்று நாள் முழுக்க ஊராரைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பதினாறு வருடம் வாடகை வீட்டில் குப்பை கொட்டிய பிறகு நானும் மனைவியும் ஒரு மனை வாங்கினோம். பள்ளமான மனை. மேல்தெருக்களில் பெய்கிற மழை எல்லாம் அதன் வழியாகத்தான் பின்பக்க ஓடைக்குப் போகும். போகிற அவசரமும் அதற்குக் கிடையாது. நாலு நாள் தங்கி, சாவகாசமாகத்தான் போகும்.

பக்கத்து வீட்டில் தையல்கார அக்கா. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவர், கணவர் இறந்த பிறகு தனியாக இருப்பவர். நாங்கள் கட்ட ஆரம்பித்ததும், கேட்காமலேயே தன் முன்னறையை ஒழித்துக் கொடுத்தார். "சிமெண்ட் நனைஞ்சா கல்லாயிடும் தம்பி, இங்க அடுக்குங்க" என்றார். நாற்பது மூட்டை. அவருடைய இரண்டு தையல் மிஷினும் சுவரோரம் ஒடுங்கிக்கொண்டன. எட்டு மாதம் அந்தச் சிமெண்ட் தூசுக்கு நடுவில் உட்கார்ந்துதான் அவர் வெள்ளைச் சட்டைகள் தைத்தார். என் சிமெண்டில் ஒரு மூட்டைகூட நனையவில்லை.

மேஸ்திரி மனையைச் சுற்றி ஒரு நடை நடந்தார், ஒரு கம்பியைச் செருகிப் பார்த்தார்.

"சார், இது ஈர நிலம். தண்ணிய வராதேன்னு சொல்ல முடியாது. இந்தப் பக்கமா போன்னு சொல்லலாம், கேக்கும். அந்தக்கா வீட்டுப் பக்கம் மூணடி விடுங்க. நீளமா பள்ளம் தோண்டி, ஓடைப் பக்கம் சரிவு கொடுத்து, ஓட்டை போட்ட குழாய் ஒண்ணு படுக்க வச்சு, சுத்தி ஜல்லியப் போட்டு மூடிடலாம். கூரைத் தண்ணியையும் அதுலயே இறக்கிடலாம்."

"மண்ணடிச்சு மனைய உசத்திட்டா போதாதா?"

"உசத்தினா உங்க வீட்டுக்குள்ள வராது. ஆனா தண்ணி செத்துப் போயிடாது சார். பக்கத்து வீட்டுக்குப் போகும்."

எனக்குப் புரிந்தது. அப்போதே நன்றாகப் புரிந்தது. பின்னால் புரியாத மாதிரி நடந்துகொண்டேனே தவிர, புரியாமல் எதையும் செய்யவில்லை.

கால்வாய்க்கு அனுமதி தருவது நிலமட்ட மற்றும் மழைநீர் அகற்றும் அலுவலகம். ஒரு காலத்தில் அதற்கு ஐந்து படி ஏற வேண்டுமாம். நான் போனபோது இரண்டு படி இறங்க வேண்டியிருந்தது. கட்டடமே ஈர நிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்ந்துகொண்டிருந்தது. உள்ளே கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். ஊழியர்கள் எல்லோரும் செங்கல்மேல் காலை வைத்துக்கொண்டு மழைநீரை அகற்றும் பணியில் ஈடுபட்டிருந்தார்கள். செங்கலில் எண் எழுதியிருந்தது. வேலையில் சேரும்போது ஒரு செங்கல் கொடுப்பார்கள், பதவி உயர்வு கிடைத்தால் இரண்டாவது. தலைமை அதிகாரிக்கு மூன்று.

எழுத்தர் ஒரு செங்கல்காரர். என் படிவத்தைப் புரட்டிப் பதினான்காவது கேள்வியில் விரலை வைத்தார்.

"மனையில தண்ணி இருக்கா?"

"மழைக்காலத்துல நிக்குதுங்க."

"அப்ப 'இருக்கு'ன்னு குறிங்க. ஆனா இருக்குன்னா வீடு கட்ட அனுமதி கிடையாது. ஈர நிலத்துல வீடு கட்டறது குற்றம்."

"அதுக்குத்தானே கால்வாய் கேக்கறேன்? கால்வாய் இருந்தா ஈரம் போயிடும்."

"வீட்டு அனுமதி இருக்கற மனைக்குத்தான் கால்வாய். அப்ப 'இல்ல'ன்னு குறிங்க."

"இல்லன்னு குறிச்சா கால்வாய் கிடைச்சிடுமா?"

"இல்லாத தண்ணிக்கு எதுக்கு சார் கால்வாய்?"

அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே விளங்காமல்தான் கேட்டார். பேசுகிற சுவாரஸ்யத்தில் கால் நழுவித் தண்ணீரில் விழ, எடுத்து உதறிவிட்டு மறுபடி செங்கல்மேல் வைத்துக்கொண்டார்.

"இதுவரைக்கும் யாராவது 'இருக்கு'ன்னு குறிச்சிருக்காங்களா?" என்று கேட்டேன்.

"ஒருத்தர் குறிச்சார். ரொம்ப நேர்மையான மனுஷன். இன்னும் வாடகை வீட்லதான் இருக்கார்."

நான் 'இல்லை' என்று குறித்தேன்.

அடுத்து ஆய்வு. மட்டப் பொறியாளர் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கொட்டுகிற மழையில் வந்தார். கோடையில் நடக்க வேண்டிய ஆய்வாம் அது. கோடையில் அவருக்கு வேலை அதிகம் என்பதால் மழையில் வந்து, கோடைத் தேதி போட்டுக்கொள்வார். என் மனையின் நடுவில் போய் நின்றார். தண்ணீர் பூட்ஸின் விளிம்பைத் தொட்டுத் தொட்டுப் போயிற்று. அளவுகோலை ஊன்றி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். எங்கிருந்தோ தவளை ஒன்று குதித்துக் கோப்பின்மேல் உட்கார்ந்தது. அதைத் தட்டிவிட்டு, 'நிலத்தின் தன்மை: உலர்' என்று எழுதினார்.

"எங்க ஆபீஸ் வாசல்ல இருக்கற மட்டக்கல்லை வச்சுப் பார்த்தா உங்க மனை ரெண்டடி உயரத்துல இருக்கு சார். இங்கே தண்ணி நிக்க வாய்ப்பே இல்ல" என்றார்.

"அந்தக் கல்லும் ஆபீஸோட சேர்ந்து அமிழ்ந்துட்டு இருக்கே?"

அவர் முகத்தில் ஒரு பெருமிதம் வந்தது. "கல்லு எங்கயும் போகாது சார். அதுலருந்துதான் ஊரையே அளக்கறோம். ஊர்தான் உயருது. பத்து வருஷத்துல ஒன்றரை அடி. வேற எந்த அலுவலகமும் ஒரு ஊர இந்த அளவுக்கு உயர்த்தினது கிடையாது."

"இப்ப நீங்க நிக்கற தண்ணி?"

"இது மழையால வந்தது. தற்காலிகம். தற்காலிகத்தை எல்லாம் எழுத ஆரம்பிச்சா எங்களால நிரந்தரமா எதையும் எழுத முடியாது."

மை கலைந்துவிடாமல் இருக்க யாராவது குடை பிடிக்க வேண்டும் என்றார். நான் பிடித்தேன். அவர் எழுதி முடிக்கும் வரை ஒரு சொட்டு விழாமல் பிடித்தேன்.

அனுமதித்த வரைபடத்தில் அந்த மூன்றடி இடம் சாமான் அறையாக இருந்தது. மூன்றடி சும்மா விட்டால் தண்ணீர் போவதற்காக விட்டது போலத் தெரியுமாம். மேஸ்திரி வரைபடத்தை ஒரு தரம் பார்த்தார், மடித்து என் கையிலேயே கொடுத்தார், மூன்றடியில் கால்வாயைத் தோண்டினார். "கேட்டா அஸ்திவாரக் குழின்னு சொல்லிக்கலாம்" என்றார். குழாயும் ஜல்லியும் போட்டு முடித்த மறுவாரமே பலத்த மழை. மனையில் நின்ற தண்ணீர் அரைநாளில் வடிந்து ஓடைக்குப் போய்விட்டது. அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷத்துல இப்பதான் தம்பி என் வாசல்ல தண்ணி நிக்கல. நீங்க வந்த நேரம்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

வீடு முடிகிற நேரத்தில் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இறுதி ஆய்வின்போது வரைபடத்தில் இல்லாத குழி, பள்ளம், சரிவு எதுவும் காணப்பட்டால் நிறைவுச் சான்று கிடையாது, மின் இணைப்பும் கிடையாது. வாடகை வீட்டுக்காரர் எங்கள் இடத்துக்கு வேறு ஆளைப் பேசி முடித்துவிட்டிருந்தார். மனைவி பாதிச் சாமானைப் பெட்டியில் கட்டியாகிவிட்டது. நான் இரண்டு நாள் யோசித்தேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஒரு மணி நேரம்கூட யோசிக்கவில்லை.

அக்கா வாரத்தில் ஒருநாள் தைத்த துணிகளைக் கொடுக்கப் பள்ளிக்கூடம் போவார். போனால் திரும்ப மதியம் ஆகிவிடும். அந்த நாளாகப் பார்த்து மேஸ்திரியை வரச் சொன்னேன்.

"மூடிடுங்க மேஸ்திரி."

அவர் கடப்பாரையைக் கீழே வைத்தார். "யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"வேற வழி இல்ல."

"இருந்த ஒரே வழியத்தான் சார் மூடச் சொல்றீங்க" என்றார். குழாயை உருவி எடுத்து, ஜல்லியை அள்ளிவிட்டு, மண்ணைக் கொட்டி மேடாக்கி, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினார். அதன்மேல் சாமான் அறையும் சுவரும் எழும்பின. போகும்போது வழக்கமாகச் சொல்கிற 'வரேன் சார்' அன்று இல்லை.

புது வீட்டில் பெய்த முதல் மழை மூன்று நாள் விடவில்லை. எங்கள் வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. மூன்றாம் நாள் காலை, முழங்கால் வரை நனைந்த சேலையோடு அக்கா வந்து கதவைத் தட்டினார்.

"உங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா தம்பி?"

"இல்லக்கா."

"நல்லவேளை. புது வீடாச்சேன்னு பயந்துட்டேன்."

அவர் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். சீருடைகளைக் கட்டில்மேல் குவித்து வைத்திருந்தார். அடியில் இருந்தவை செம்மண் நிறத்துக்கு மாறிவிட்டன. ஒரு மிஷினின் மோட்டார் முழுகிவிட்டது. நானும் வாளி எடுத்துக்கொண்டு போனேன். நான் அனுப்பி வைத்த தண்ணீரை நானே அள்ளி அள்ளி வெளியே ஊற்றினேன். "உங்களுக்கு எதுக்குத் தம்பி சிரமம்" என்று சொல்லி அக்கா டீ போட்டுக் கொடுத்தார். வாங்கிக் குடித்தேன். அந்த டீ எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் இறங்கியது. இன்னும் அரை டம்ளர் கேட்டு வாங்கினேன்.

அலுவலகத்துக்கு மனு எழுத வேண்டும், உங்கள் கையெழுத்து அழகாக இருக்குமே என்றார். எழுதிக் கொடுத்தேன். 'தண்ணீர் எங்கிருந்து வருகிறது?' என்று ஒரு கேள்வி இருந்தது. என் பேனா அங்கே நின்றுவிட்டது.

"மழைன்னு எழுதுங்க தம்பி" என்றார் அக்கா.

'மழை' என்று எழுதினேன்.

பதினோரே நாளில் பதில் வந்தது. அந்த அலுவலகம் அத்தனை வேகமாக எதற்கும் பதில் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. பக்கத்து மனை உலர்நிலம் எனச் சான்று பெற்றிருப்பதால் அங்கிருந்து தண்ணீர் வந்திருக்க முடியாது. ஆகவே மனுதாரர் வீட்டில் உள்ள தண்ணீர் மனுதாரர் வீட்டிலேயே உற்பத்தியானது எனக் கருதப்படுகிறது. மேலும் மட்டக்கல்லின்படி மனுதாரர் தன் வீட்டை அனுமதியின்றி இரண்டரை அடி தாழ்த்தியிருப்பது தெரியவருகிறது. முப்பது நாளுக்குள் வீட்டை உரிய மட்டத்துக்கு உயர்த்த வேண்டும், தவறினால் காலி செய்ய வேண்டும். இணைப்பு: உலர்நிலச் சான்று, ஒன்று.

அந்த இணைப்பின் அடியில் இருந்தது என் கையெழுத்து. நான் சட்டென்று அந்தத் தாளை அடியில் தள்ளிவிட்டேன்.

"காலி பண்ணிட்டு எங்க போறது? இந்த வீட்ட விட்டா எனக்குத் தொழிலும் இல்ல" என்றார் அக்கா. பிறகு, "வீட்ட எப்படித் தம்பி தூக்கறது?" என்று கேட்டார். பார்வை சோதிக்க வருகிறவர்கள் கடைசி வரி தெரியாமல் என்னைப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் கடைக்கு விடுமுறை சொல்லிவிட்டு அலுவலகம் போனேன். எழுத்தரிடம், "நான் பொய் சொல்லிட்டேன். என் மனையில தண்ணி இருக்கு. அதைத்தான் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிட்டேன்" என்றேன்.

அவர் என் சான்றை எடுத்துப் பார்த்தார். "இதுல கையெழுத்துப் போட்டவர் சரிபார்க்கப்பட்டவர் சார். முத்திரை இருக்கு. இப்ப வந்திருக்கற நீங்க இன்னும் சரிபார்க்கப்படல. யார் சொல்றத நான் நம்பறது?"

"ரெண்டு பேரும் நான்தானே?"

"அது உங்களுக்குள்ள பேசித் தீர்த்துக்க வேண்டிய விஷயம்."

தலைமை அதிகாரியைப் பார்த்தே தீருவேன் என்று உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து உள்ளே விட்டார்கள். மூன்று செங்கல்மேல் கால் வைத்திருந்ததால் அவர் முட்டி கிட்டத்தட்ட நெஞ்சுக்கு நேராக இருந்தது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர் போலத்தான் தெரிந்தார்.

"உங்க மனசாட்சிய நான் மதிக்கறேன் சார். ஆனா அதுக்குன்னு இங்கே படிவம் கிடையாது. நீங்க சொல்றது உண்மைன்னு வைங்க. அப்ப உங்க வீடு தப்பு. உங்க வீடு தப்புன்னா நாங்க கொடுத்த அனுமதி தப்பு. அனுமதி தப்புன்னா மட்டக்கல்லு தப்பு. மட்டக்கல்லே தப்புன்னா, இந்த ஊர்ல எந்த வீடும் எந்த உயரத்துலயும் இல்ல. ஒரு தையல்காரம்மாவுக்காக மொத்த ஊரையும் அந்தரத்துல விடச் சொல்றீங்களா? நானும் மனுஷன்தான். என் வீட்லயும் தண்ணி வருது. நான் யார்கிட்டயாவது சொல்லியிருக்கேனா?"

அப்போது ஒரு கோப்பு தண்ணீரில் மிதந்து வந்து அவர் மேஜைக்கால் ஓரம் ஒதுங்கியது. அவர் கால் கட்டைவிரலால் மெல்லத் தள்ளிவிட்டார். அது அடுத்த பிரிவுக்குப் போயிற்று. அந்த அலுவலகத்தில் கோப்பு நகர்ந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

கிளம்பும்போது என் கையில் ஒரு தகடு கொடுத்தார்கள். 'முன்மாதிரி உலர் இல்லம்'. அந்தப் பகுதியிலேயே புகார் வராத ஒரே வீடு எங்களுடையதாம். வாசல் சுவரில் பதித்துக்கொள்ள நான்கு திருகாணியும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் தகட்டைக் காட்டினேன். அவள் அதைத் தொடவில்லை.

"அந்தக்கா வாசல்ல நின்னா நான் குனிஞ்சுக்கிட்டேதான் போறேன். ஒரு மாசமா கழுத்து வலிக்குது" என்றாள். "சாமான் அறைய உடைச்சிடுங்க."

"மின்சாரத்தை வெட்டிடுவாங்க."

"வெட்டட்டும். இப்ப வெளிச்சத்துல மட்டும் யார் முகத்தப் பாத்துட்டு இருக்கோம்?"

நான் அக்கா வீட்டுக்குப் போனேன். தரையில் ஈரம் இன்னும் காயவில்லை. பிழைத்த மிஷினை இரண்டு பலகைமேல் ஏற்றி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பதினான்காவது கேள்வி, குடை, மூடிய கால்வாய் எல்லாம். மனுவில் நான் 'மழை' என்று எழுதியதையும் சொன்னேன். அவர் மிஷினை நிறுத்தவில்லை. ஒரு சட்டைக் கையை முழுசாகத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"தெரியும்" என்றார்.

"எப்படிக்கா?"

"அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். துணி கொடுக்கப் போகல. மேஸ்திரி குழாய உருவினப்ப ஜன்னல்லதான் நின்னுட்டு இருந்தேன். நீங்க என் வாசல் பூட்டியிருக்கான்னு ரெண்டு தடவ எட்டிப் பாத்தீங்க."

"அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க ஏதாவது காரணம் சொல்லுவீங்க. நல்ல காரணமா இருக்கும். நானும் சரின்னு சொல்லிடுவேன். அதான் கேக்கல. நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன். மனு எழுதறப்ப பேனா நின்னுச்சு பாருங்க, சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன். ரொம்ப நேரம் நின்னுச்சு. எனக்கே பாவமா இருந்துச்சு, அதான் மழைன்னு எழுதச் சொன்னேன்."

அடுத்த சட்டையை எடுத்து ஊசிக்கு அடியில் வைத்தார். என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"எப்ப உடைக்கறீங்க, சார்?"

மேஸ்திரியை நேரில் போய் நின்று கூப்பிட்டேன். வந்தார். சாமான் அறை இரண்டு நாளில் மண்ணாயிற்று. குழாயும் ஜல்லியும் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டன. அடுத்த வாரமே, இல்லாத தண்ணீரை அனுமதியின்றிக் கடத்திய குற்றத்துக்காக எனக்கு நோட்டீஸ் வந்தது. மின் இணைப்பைத் துண்டித்தார்கள். தகட்டைத் திரும்பக் கேட்டார்கள், திருகாணியோடு.

முப்பதாம் நாள் மட்டப் பொறியாளர் அக்கா வீட்டை அளக்க வந்தார். அதற்குள் மட்டக்கல் இன்னும் இரண்டு அங்குலம் அமிழ்ந்திருந்தது. அதனால் அக்கா வீடு இரண்டு அங்குலம் உயர்ந்திருந்தது. 'வீட்டைத் தூக்கும் பணி தொடங்கப்பட்டுள்ளது, தண்ணீர் உற்பத்தி நிறுத்தப்பட்டுள்ளது' என்று எழுதி, காலி செய்ய வேண்டியதில்லை என்று முத்திரை குத்திவிட்டுப் போனார். உண்மை கொண்டுபோய்ச் சேர்க்காத இடத்தில் அந்தக் கல் கொண்டுபோய்ச் சேர்த்தது. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். என் பங்கு அதில் எதுவும் இல்லை.

அதன்பின் ஒரு பெரிய மழை பெய்தது. தண்ணீர் மேல்தெருவிலிருந்து வந்து, ஜல்லிக்குள் இறங்கி, ஓடைக்குப் போய்க்கொண்டே இருந்தது. நான் காலையிலிருந்து அந்த மூன்றடி ஓரத்திலேயே குடையோடு நின்றிருந்தேன். அக்கா கதவைத் திறந்து வாசலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"உள்ள தண்ணி வந்துச்சாக்கா?" என்று கேட்டேன்.

"வரல, சார்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.